ஐரின் மேடம் நம்பர்

சமயநல்லூரைத் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவு என்றால் ஐரின் ஒருத்திதான். கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது, பயோடேட்டா திருத்துவது, இன்டர்ன்ஷிப்புக்கு இடம் பிடிப்பது, நேர்முகத்துக்குப் போகும் பையன்களைச் சட்டையை உள்ளே விடச் சொல்வது எல்லாம் அவள் தலையில்தான். பத்து வருஷமாக இந்தப் பாடு. வேலை கிடைத்தவன் லட்டோடு வருவான். கிடைக்காதவன் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நடப்பான். இரண்டும் அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுபலட்சுமி என்ற மாணவியின் போன் நம்பரை வேலை தேடும் இணையதளம் ஒன்றில் பதிந்து கொடுத்தாள் ஐரின். வேலை வரவில்லை. கண்ட கண்ட டிரெய்னிங் சென்டர்காரர்கள் கூப்பிட்டார்கள். அதில் ஒருத்தன் 'சாப்பிட்டாச்சா' என்று மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். விஷயம் அந்தப் பெண்ணின் அப்பா காதுக்குப் போய், கடைசிப் பரீட்சைக்குக்கூட விடாமல் அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார். ஐரின் அந்த வாரம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் அவளே மைக்கைப் பிடித்துச் சொன்னாள். "பொம்பளப் பிள்ளைக நம்பர் இனிமே ஒரு கம்பெனிக்கும் போகாது. என் நம்பரைத்தான் குடுப்பேன். யார் கூப்பிட்டாலும் மொதல்ல என்கிட்ட பேசட்டும்." தகப்பன்மார்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எல்லாப் பெண் பிள்ளைகளின் விண்ணப்பத்திலும் ஒரே நம்பர். பையன்களுக்கு அவரவர் நம்பர். கம்பெனிக்காரர்கள் முதலில் ஏதோ தப்பு என்று நினைத்தார்கள், பிறகு அவர்களும் பழகிக்கொண்டார்கள். ஐரின் குளிக்கப் போனாலும் போனைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

இந்த வருஷம் அவள் மிகவும் நம்பியிருந்தது முனீஸ்வரியை. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம், மைக்ரோபயாலஜி கடைசி வருஷம். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் குறியீடாக்கும் மெடிக்கல் கோடிங் கம்பெனி ஒன்று நடத்திய எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்திலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது போனில் பத்து நிமிஷப் பேச்சு. அவளுக்கு அவசரமும் இருந்தது. அவள் அப்பா காளை கல்லூரிக்கே வந்து ஐரினிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பங்குனி முடியறதுக்குள்ள வேல ஆர்டரு வந்துருச்சுன்னா போகட்டும் டீச்சர். நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலன்னா சித்திரையில அவ அத்த மகனுக்குப் பரிசம் போட்டுருவோம். வீடு தேடி வந்து கேக்குறாக, எம்புட்டு நாளு நானும் சாக்குச் சொல்றது?"

முனீஸ்வரி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாள். அந்த அத்தை மகனை அவளுக்குப் பிடிக்காது என்பது ஐரினுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும், காளைக்கும் தெரிந்துதான் இருக்கும்.

தவக்காலத்தில் பங்குக் கோயில் நடத்தும் இரண்டு நாள் தியானத்துக்கு ஐரின் வருஷா வருஷம் போவாள். வாசலிலேயே போனை அணைத்து, பேர் எழுதிய துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. 'அடுத்த வாரம் கூப்பிடறோம்' என்று எச்.ஆர். சொல்லியிருந்தாரே, எப்படியும் திங்கட்கிழமைதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வருஷத்தில் இரண்டு நாள் அந்தப் போன் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. அதைப் பிறகு நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் கைக்கு வந்தது. உயிர்ப்பித்ததும் தவறிய அழைப்புகளைப் பற்றிய மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான்கு அழைப்புகள் கோயம்புத்தூரில் இருந்து, நான்கும் வெள்ளிக்கிழமை. திரும்பக் கூப்பிட்டாள், ஆபீஸ் மூடியிருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு எச்.ஆர். எடுத்தார்.

"நாலு தடவ கூப்பிட்டோங்க மேடம். சுவிட்ச் ஆஃப். அந்தப் பொண்ணுக்கு விருப்பமில்லைன்னு எழுதி முடிச்சுட்டோங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆள எடுத்தாச்சு. அதும் உங்க காலேஜ் பையன்தானுங்க, ராம்கின்னு. மொத ரிங்லயே எடுத்துட்டாரு."

"சார், அது என் தப்பு சார். அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

"புரியுதுங்க மேடம். ஆனா இடம் முடிஞ்சு போச்சுங்களே."

முதல்வர் ஜேசுராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செலக்ட் ஆகலைன்னு சொல்லிருங்க ஐரின். இது வெளிய தெரிஞ்சா எந்த அப்பன் உங்கள நம்புவான்? நல்லது செய்யப் போயி ஏன் கெட்ட பேரு வாங்குறீங்க?" என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது.

அறைக்குத் திரும்பினால் வாசலில் முனீஸ்வரி.

"மேடம், கூப்பிட்டாகளா?"

"இன்னும் இல்லம்மா."

பொய் அம்புட்டுச் சுலபமாக வாயில் வந்துவிட்டது. முனீஸ்வரி வராந்தா ஓரம் போய், தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். ஐரின் இரண்டு நாளும் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

புதன்கிழமை ராம்கி லட்டு டப்பாவோடு வந்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? கோயம்புத்தூர் வேலை கிடைத்துவிட்டது என்று வகுப்பு முழுக்கக் கொடுத்திருக்கிறான். மத்தியானம் பாண்டிமீனா என்ற மாணவி ஓடிவந்தாள்.

"மேடம், முனீஸு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டா. தனக்கு இங்கிலீஷ் வரலன்னுதான் எடுக்கலைன்னு சொல்றா. அத்த மகனையே கட்டிக்கிறேன், எனக்கு இம்புட்டுத்தான்னு சொல்லிட்டுப் போறா மேடம்."

ஐரினால் அதைத் தாங்க முடியவில்லை. வேலை போனதுகூட ஒரு பக்கம். இரண்டு சுற்றில் தேறிய பிள்ளை தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டு போகிறதே, அதுவும் இவள் போனை அணைத்து வைத்ததற்காக. ஜேசுராஜிடம் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பஸ் மாறித் திருமங்கலம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

காளை வீட்டில்தான் இருந்தார். "வாங்க டீச்சர், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி மாயக்காள் பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தாள். ஐரின் அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தியானம், துணிப்பை, நான்கு அழைப்பு, இரண்டு நாள் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

"உங்க மக தோக்கலண்ணே. நான்தான் தோக்க வச்சுட்டேன்."

வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். காளை சிரித்தார்.

"விடுங்க டீச்சர். நீங்க என்ன வேணும்னா செஞ்சீக? கோயிலுக்குத்தான போயிருக்கீக. அம்புட்டுத் தூரம் போயி அவ தனியா இருக்க வேணாம்னு சாமியே நெனச்சிருச்சு போல. பரிசத்துக்கு நீங்க கட்டாயம் வரணும்."

அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. அதைப் பார்த்தபோதுதான் ஐரினுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

உள் அறைக் கதவருகே முனீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. எம்புட்டு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"அப்ப எனக்கு இங்கிலீஷ் வரலன்னு இல்லையா மேடம்?"

"இல்லம்மா. அவுக ஒன்கிட்ட பேசவே இல்ல."

முனீஸ்வரி கதவை விட்டு வெளியே வந்தாள். பிறகு தன் போனைக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழம பூரா இது என் கையிலதான் இருந்துச்சு மேடம். நம்பர் வெளிய போகாதுன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்க. இவ அப்பாகிட்ட, அவ அப்பாகிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எங்கள்ல ஒருத்திகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

சுபலட்சுமியிடமும் ஐரின் கேட்டதில்லை. நம்பரைக் கொடுத்தபோதும் கேட்கவில்லை, கொடுக்காமல் நிறுத்தியபோதும் யாரையும் கேட்கவில்லை.

"அந்தக் கம்பெனி நம்பர் சொல்லுங்க மேடம்."

ஐரின் சொன்னாள். காளை "ஏய், என்ன பண்ற?" என்று எழுந்தார். அதற்குள் எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள். முனீஸ்வரி ஆங்கிலத்தில் பேசினாள். நடுநடுவே தடுக்கியது, ஆனாலும் நிற்கவில்லை. தனக்கு விருப்பம் உண்டு என்றாள், யாராவது சேராமல் போனால் தன்னைக் கூப்பிடச் சொன்னாள். கடைசியில் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள், அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"யாரும் சேரலைன்னா பத்து நாள்ல கூப்பிடுறாகளாம். உறுதி இல்லையாம்" என்று போனை வைத்தாள்.

காளை ஐரின் பக்கம் திரும்பினார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"நீங்கதான டீச்சர் மைக்குல சொன்னீக, நம்பர் வெளிய போகாதுன்னு? ஒங்கள நம்பித்தான அனுப்புனேன்?"

"சொன்னேண்ணே. சொன்னது தப்பு. இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்."

"அப்ப இனிமே ஒங்க காலேசுக்கு எவன் பிள்ளைய அனுப்புவான்?"

இங்கே வந்து சொன்னது கல்லூரிக்குத் தெரிந்தால் தன் வேலையும் நிலைக்காது என்று அப்போதுதான் ஐரினுக்கு உறைத்தது. ஆனாலும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

காளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மனைவியைக் கேட்டார்.

"பங்குனி முடிய இன்னும் எத்தன நாளு கெடக்கு?"

மாயக்காள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"பதினோரு நாளு."

"அம்புட்டுத்தான் கெடு. அதுல மாத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

முனீஸ்வரி போனைச் சார்ஜில் போட்டாள்.