பின்னால், இடதுபக்கம்

ஜெபாவுக்கு இடது காது கேட்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது காதுக்குள் யாரோ பஞ்சை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. கூடவே விடாத ஒரு ரீங்காரம். கணவன் கோகுல்நாத்திடம் சொன்னாள்.

"சளியாத்தான் இருக்கும் ஜெபா. நாலு நாள் ஆவி பிடி, சரியாப் போயிரும்" என்றான் அவன்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. இருவரும் சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் மென்பொருள் வேலை பார்த்தார்கள். அவள் மார்த்தாண்டத்துக்காரி, அவன் பெருந்துறைக்காரன். கம்பெனியில் பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டு வானகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். அந்த மாதம் இருவருக்கும் தலைக்கு மேல் வேலை. நாலு நாள் என்றது நாலு வாரமாகிவிட்டது. ஐந்தாவது வாரம் காது டாக்டரிடம் போனபோது அவர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது சளி இல்லம்மா, நரம்பு. முதல் வாரமே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்."

ஆனாலும் செவிப்பறை வழியாக மூன்று ஊசி போட்டார்கள். ஒன்றும் திரும்பவில்லை. கடைசி முறை போனபோது டாக்டர் சொன்னார்: "ஒரு காதை வச்சு எல்லாம் கேக்கலாம். எந்தப் பக்கத்துல இருந்து சத்தம் வருதுன்னு மட்டும் தெரியாது. அதுக்கு ரெண்டு காதும் வேணும். வண்டி ஓட்டுறத விட்டுடுங்க."

அன்றிலிருந்து ஜெபாவின் ஸ்கூட்டர் கீழே உறை போட்டபடி நின்றது. கோகுல்தான் அவளைத் தன் பைக்கில் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். அவளுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அவன் பட்டபாட்டைப் பார்க்கும்போது தன் வருத்தத்தை வெளியே எடுக்கவே அவளுக்கு வாய்ப்பில்லாமல் போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், கை நின்றுவிடும். "அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்பான். அவள் "விடு கோகுல்" என்பாள். மறுநாளும் அதே தட்டு, அதே பேச்சு.

பிறகு இணையத்தில் எதையோ படித்தான். ஒரு காது போனாலும் பழக்கினால் மூளை திசையைக் கற்றுக்கொள்ளும் என்று யாரோ எழுதியிருந்தார்களாம். டாக்டர் இப்படி எதுவும் சொல்லவில்லையே என்றாள் ஜெபா. "டாக்டருக்கு நேரமேது" என்றான் கோகுல். அடுத்த வாரம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. ஐந்து ஸ்பீக்கர்கள், தும் தும் என்று தரையை அதிரவைக்கும் சப்-வூஃபர் ஒன்று.

ஞாயிறு மதியம் கம்ப்யூட்டரில் படம் பார்ப்பது கல்யாணமான நாள்முதல் அவர்களுக்குப் பழக்கம். காது போன பிறகு அது நின்றுபோயிருந்தது. "ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும் ஜெபா. படமும் பாக்கலாம், உனக்குப் பயிற்சியும் ஆகும்" என்று அவன் சொன்னபோது அவன் முகம் பல நாட்களுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்திருந்தது. அதனால் அவள் மறுத்துப் பேசவில்லை.

அறையின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சொடுக்குவான். மணியடித்தாற்போல் ஒரு ஒலி வரும். எந்தப் பக்கம் என்று அவள் கைநீட்ட வேண்டும். அவளுக்கு எல்லாமே வலதுபக்கம்தான் கேட்டது. முன்னால் அடித்தாலும் வலது, முதுகுக்குப் பின்னால் அடித்தாலும் வலது. தோராயமாகக் கையை நீட்டுவாள். கண்ணைத் திறந்தால் அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஸ்பீக்கர் வச்ச இடம் சரியில்ல" என்பான். உன் காது சரியில்லை என்று ஒருநாளும் அவன் வாயில் வரவில்லை. டேப்பை எடுத்து நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே அளப்பான். முக்காலி மேல் ஏறி நின்று உயரத்தை மாற்றுவான். மூன்று ஞாயிறுகள் இப்படிப் போயின. படம் ஓடவிட்டால் அதைவிட மோசம். பின்னாலிருந்து மழையும் முன்னாலிருந்து இசையும் சேர்ந்து அவளுடைய ஒரே காதில் வந்து விழ, வசனம் அதற்குள் அமுங்கிப்போகும். யார் என்ன பேசினார்கள் என்றே புரியாமல், அவன் சிரிக்கும்போது அவளும் சிரித்துவைத்தாள்.

நான்காவது வாரம் ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்ட அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து துலுக்கானம் என்ற ஆளை வரவழைத்தான். ஐம்பது வயதிருக்கும். துளைபோடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, முதலில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், கறுப்பு வயரையும் ஆரஞ்சு வயரையும் மாத்திச் சொருவிக்கிறீங்க? அதான் ஈரோ வசனம் பேசுனா முதுவுக்குப் பின்னால கேக்குது."

கோகுலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாத்தியா ஜெபா! தப்பு வயர்லதான் இருந்திருக்கு. ஒரு மாசமா உன்னைப் போட்டுப் படுத்தியிருக்கேன்."

துலுக்கானம் சுவரில் துளையிட்டு எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் மறுபடி நாற்காலி வந்தது. இம்முறை ஒவ்வொன்றாகச் சொடுக்காமல், முழுச் சோதனையையும் ஒரே ஓட்டமாக ஓடவிட்டான் கோகுல். ஜெபா கண்ணை மூடினாள். அந்தச் சோதனை எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும் என்று அவளுக்கு இதற்குள் மனப்பாடம். முன்னால் இடது, முன்னால் வலது, நடு, தரையதிரும் தும், பின்னால் இடது, பின்னால் வலது.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அவன் முக்காலிமேல் டேப்போடு நிற்பதைப் பார்க்க முடியாது என்று மட்டும் நினைத்தாள். கையை நீட்டிக்கொண்டே போனாள். ஆறும் சரி.

கண்ணைத் திறந்தபோது கோகுல் அழுதுகொண்டிருந்தான். துலுக்கானம் இருக்கிறாரே என்றும் பார்க்காமல் அவள் முன்னால் மண்டியிட்டு அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டான்.

துலுக்கானத்தை வழியனுப்ப ஜெபா படிக்கட்டுவரை போனாள். அவர் மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னு சொல்றேன், கோச்சுக்காதம்மா. அந்தக் கடைசி ரெண்டு இருக்குதுல்ல, மணி வர்றதுக்கு முன்னாடியே நீ கைய நீட்டிக்கினு கீற."

ஜெபாவுக்கு முகம் சுட்டது. "அவர்கிட்ட சொல்லிராதீங்கண்ணே."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்? நமக்கு வயர் வேலையோட சரி." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "ஆனா இத்த எத்தினி நாளு வச்சுக்கினு இருப்பே?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மறுநாள் காலை கோகுல் ஸ்கூட்டரின் உறையை எடுத்துவிட்டு வண்டியைக் கழுவித் துடைத்துவைத்திருந்தான். சாவியை அவள் கையில் கொடுத்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பான். காரணம் சொன்னால் நேற்றைய ஆறு விரல் நீட்டல்களையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டாள்.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக, கண்ணாடிகளைப் பார்த்துப் பார்த்து, ஓரமாகவே ஓட்டினாள். பதினோராம் நாள் காலை லேசான தூறல். மேல்மாடியில் தோழிகளோடு தங்கியிருந்த அகல்யா கீழே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். போளூர்ப் பெண், இருபத்திரண்டு வயது, எஸ்டேட்டில் முதல் வேலை. "அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். அதற்கும் ஜெபாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

அயனம்பாக்கம் தாண்டியதும் ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, மிக அருகில். வழக்கம்போல் அது வலதுபக்கம் கேட்டது. பின்னால் வலதில் எதுவோ முந்துகிறது என்று நினைத்து, வழிவிடுவதற்காக வண்டியை இடதுபக்கம் ஒடித்தாள். இடதுபக்கச் சந்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரிதான் ஹாரன் அடித்தது.

ஜெபாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. லாரியின் முன்சக்கரம் அகல்யாவின் வலதுகால் மேல் ஏறி நின்றது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், கையில் மாவுக்கட்டோடு ஜெபா அகல்யாவின் படுக்கையருகே போய் உட்கார்ந்தாள். கோகுல் பழச்சாறு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அகல்யாவின் முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருந்தார்கள். பாதத்தில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றிருந்தார்கள். அகல்யாவின் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் கேட்டாள்.

"அவ்ளோ சத்தமா ஹாரன் அடிச்சானேக்கா. நானும் கத்துனேன். உங்களுக்குக் கேக்கலையா?"

ஜெபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல அவளிடம் இனி எதுவும் மிச்சமில்லை.

"கேட்டுச்சு அகல்யா. எந்தப் பக்கம்னு தெரியல. எனக்கு இந்தக் காது கேக்காது. உன்ன நான் ஏத்தியிருக்கவே கூடாது."

அகல்யா மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெபா திரும்பிப் பார்த்தபோது கோகுல் பழச்சாற்று டம்ளரை ஏந்தியபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

ஆட்டோவில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கோகுல் கேட்டான்.

"ஆறும் சரியாச் சொன்னியே ஜெபா."

"அது எப்பவும் ஒரே வரிசைலதான வரும்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான்.

"உள்ளுக்குள்ள எனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஒண்ணொண்ணா மாத்திச் சொடுக்கிப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பாக்கப் பிடிக்கல."

"உனக்காகத்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றான். "அதான் தாங்க முடியல."

இரண்டு மாதம் கழித்து அகல்யாவின் அப்பா வந்து அவளை ஊருக்குக் கூட்டிப்போனார். ஊன்றுகோலோடு படியிறங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஜெபா கதவருகே நின்றாள். பையை எடுத்துப்போக உதவ முன்வந்த கோகுலை அந்த மனிதர் கையமர்த்தித் தடுத்துவிட்டார். அகல்யா அவர்கள் கதவைப் பார்க்காமலே இறங்கிப்போனாள்.

சாப்பாட்டின் நடுவே கை நின்றுபோவது இப்போது ஜெபாவுக்கு. "விடு" என்று சொல்ல கோகுல் வாயெடுப்பான். பிறகு தண்ணீரை எடுத்துக் குடிப்பான்.

ஒரு ஞாயிறு மதியம் அவன் முக்காலியைப் போட்டு ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தான். ஒன்றை மட்டும் எடுத்து மேஜையில் வைத்து, கம்ப்யூட்டரில் என்னவோ மாற்றினான். எல்லா ஒலியும் அந்த ஒன்றிலிருந்தே வரும்படி செய்திருந்தான். அதை அவளுடைய வலதுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்திவைத்துவிட்டு ஒரு படத்தை ஓடவிட்டான்.

ஜெபாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. காது போன பிறகு முதல்முறையாக யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று ஊன்றிக் கவனிக்காமலே புரிந்தது. இரண்டு நிமிட வேலை. ஒரு மாற்றம், ஒரு ஸ்பீக்கர். இதை முதல் ஞாயிறே செய்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை, ஆனால் அவன் திரையைப் பார்க்காமல் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?" என்றான்.

"நல்லாக் கேக்குது."

அவள் சொன்னது உண்மை. அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குக்கரை வைக்க வேண்டும் என்று எழுந்துபோனாள். அவள் போன பிறகும் படம் ஓடிக்கொண்டேயிருந்தது.