ஒயர்மேன் பரீட்சை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியும் கலியபெருமாளுக்கு ஒயர்மேன் லைசென்ஸ் கிடைத்தபாடில்லை. பஞ்சாலையில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் தொழில் பழகியவன் அவன். ஊரை ஒட்டிய சாரம் பகுதியில் புதிதாக எழும்பிய வீடுகளில் பலவற்றுக்கு அவன்தான் ஒயரிங் செய்திருந்தான். அப்போது யாரும் அவனிடம் காகிதம் கேட்டதில்லை. இப்போதோ லைசென்ஸ் உள்ளவன் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குக் கரண்ட் வரும்.

"பரீட்சை எழுதணும்னா வேலை செஞ்ச இடத்துலேர்ந்து அனுபவச் சான்று கொண்டாங்க" என்றார் மின்சார ஆபீஸ் குமாஸ்தா.

"எங்க எஞ்சினியரு சீமைக்கே போய்ட்டாரே சார்."

"அதுக்கு நான் என்னா பண்றது? மில்லுல கேளுங்க."

மில்லில் அலையவிட்டார்கள். கடைசியில் போர்மேன் காத்தவராயன் மனமிரங்கி, பழைய வழக்கப்படி பிரெஞ்சில் ஒரு சான்று வாங்கிக் கொடுத்தார். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்குப் புரியும்? இங்கிலீஷ்ல கொண்டாங்க."

மொழிபெயர்க்க ஆள் பிடிப்பதற்குள் அந்தத் தடவை பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்த தடவைதான் உட்கார முடிந்தது.

வாய்மொழிக் கேள்விகளுக்கு ஒருவழியாகப் பதில் சொன்னான். பூமிக்குப் போகும் கம்பியைப் பழக்க தோஷத்தில் பிரெஞ்சில் 'தெர்' என்றபோது பரீட்சகர் நிமிர்ந்து பார்த்தார். "எர்த்னு சொல்லுப்பா." செய்முறையில் பலகையில் ஒரு விளக்கும் சுவிட்சும் இணைக்கச் சொன்னார்கள். கலியபெருமாள் எல்லோருக்கும் முன்னால் முடித்தான். சுவிட்சைப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பரீட்சகர் சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றினார். பிறகு தன் டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை ஹோல்டரிலும் வைத்தார். டெஸ்ட் விளக்கு எரிந்தது.

"சுவிட்சைக் கரண்டு வர்ற கம்பில போடாம நியூட்ரல்ல போட்டிருக்கே. அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்டு இருக்கு. பல்பு மாத்தறவன் கதி?"

"விளக்கு எரியுதே சார்!"

"எரியறது போதாதுப்பா. அடுத்தவாட்டி வா."

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றி எறிந்தான். "எத்தினி வீட்டுல போட்டிருப்பேன்! எவன் செத்தான்? வேணும்னே பெயிலாக்கிட்டான்!"

அவன் மனைவி தனக்கொடி மீந்த சோற்றுக்கு நீர் ஊற்றியபடியே கேட்டாள்: "ஏங்க, நம்ப வீட்டுலயும் அப்படித்தான் போட்டிருக்கீங்களா?"

 அவள் உள்ளே போனதும் அவன் கூடத்து விளக்கை அணைத்து, ஒரு பல்பில் ஒயர் கட்டிப் பரீட்சகர் செய்ததுபோலவே சோதித்தான். எரிந்தது. எந்தக் கம்பியில் கரண்ட் வருகிறது என்று அவன் எந்த வீட்டிலும் பார்த்ததே இல்லை. தவறு தன்மேல் என்று தெரிந்த பிறகும் கோபம் தணியவில்லை. யார்மேல் காட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று. மறுநாள் முழுக்க, தான் போட்ட சுவிட்சுகளைச் சரிசெய்ய ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் வீடு வீடாகப் போனான். சிலர் கதவைத் திறந்தார்கள். சிலர், "எரியறதை ஏம்பா நோண்டறே?" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவனோடு பரீட்சை எழுதித் தேறியிருந்த தேவதாஸ் அந்த வாரம் வந்தான். முன்பு மில்லில் கலியபெருமாளுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவன் அவன்.

"அண்ணே, செல்வாம்பா அம்மா புதுசா கட்டற வீட்டுல ஒயரிங் வேலை வந்திருக்கு. நீங்க செய்ங்க, நான் பாத்துட்டுக் கையெழுத்து போட்றேன்."

"நீ பாக்கணுமா?"

"பாக்காம எப்படிண்ணே போட்றது?"

வேறு வழியில்லாமல் போனான். ஒவ்வொரு சுவிட்சையும் இரண்டு முறை சோதித்துத்தான் மாட்டினான். வேலை முடிந்ததும் தேவதாஸ் ஏணியில் ஏறி ஒவ்வொரு ஹோல்டராகப் பார்த்தான். கலியபெருமாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றான் தேவதாஸ், மேலிருந்து.

அவன் வாயிலிருந்து அதைக் கேட்பதற்குப் பெயிலானதே தேவலை போலிருந்தது கலியபெருமாளுக்கு. அடுத்த பரீட்சை எப்போது என்று ஆபீசில் இன்னும் சொல்லவில்லை.