எட்டுப் பொட்டலம் மீதி

பக்கத்து வகுப்பில் கைதட்டல் கேட்டால் என் கையில் சாக்பீஸ் உடையும். இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று பெட்டி உடைத்திருக்கிறேன். இரண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பத்து, ஒன்பது, எட்டு என்று பிள்ளைகள் பின்னோக்கி எண்ணிக் கத்துவார்கள். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பூஜ்யம் வருகிறவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை மறுபடி வகுத்தல் கணக்குக்கு இழுத்து வருவதற்குள் மணி அடித்துவிடும்.

பதினாறு வருஷமாக நான் நாலாம் வகுப்பு 'அ' பிரிவின் ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மீதி டீச்சர். வகுத்தலில் ஈவை மட்டும் எழுதிவிட்டு மீதியை விழுங்கிவிட்டால் முழுக் கணக்கையும் சிவப்பு மையால் அடித்துவிடுவேன், அதனால் வந்த பெயர். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

'ஆ' பிரிவுக்கு இந்த வருஷம் புதிதாக வந்தவள்தான் ராக்கெட் டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வந்த முதல் வாரமே பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு அதற்கு விண்கலம் என்று பெயர் வைத்தாள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஊசியால் ஓட்டை குத்தி நட்சத்திரம் காட்டினாள். ஐந்நூறு காலித் தீப்பெட்டிகளை வெள்ளித்தாளில் சுற்றி, அவைதான் விண்வெளிக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுப் பொட்டலம் என்றாள். எத்தனை பேர் போகிறார்கள், ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம், மொத்தம் எத்தனை நாள் தாங்கும், அடுத்த சரக்குக் கப்பல் என்றைக்கு வந்து சேர வேண்டும். இதுதான் அவள் சொல்லிக்கொடுக்கிற வகுத்தல்.

கரும்பலகையில் ஒரு நிமிஷத்தில் போடுகிற கணக்குக்கு அரை நாள் கூத்து என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் தலையாட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ஓவிய ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் உட்கார்ந்து அவளுக்காகத் தீப்பெட்டிக்கு வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் அவள் வகுப்பில் இருந்தாள். பெற்றவரின் வகுப்பிலேயே பிள்ளை உட்காரக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி.

போன வருஷம் முழுக்க சமையலறை மேசையில் அவளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் அழுவாள், நான் கத்துவேன், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து கைகூடக் கழுவாமல் அவள் அப்பா வந்து நோட்டை மூடிவைப்பார். என்னிடம் ஒரு வருஷமாக வராத வகுத்தல், அந்தப் புதியவளிடம் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. இப்போது என் மகள் ரொட்டித் துண்டுகளை எண்ணி, மூன்று பேருக்கு நாளைக் காலைவரை தாங்கும் என்கிறாள். பற்பசைக் குழாயில், தீர்ந்துபோகும் தேதியை எழுதி ஒட்டியிருக்கிறாள். எதற்கெடுத்தாலும் "எங்க டீச்சர் சொன்னாங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது தடவை. அதே வீட்டில் இன்னொரு டீச்சர் அவளுக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கணக்கு வந்துவிட்டதே, யார் சொல்லிக்கொடுத்தால் என்ன என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன, லிஃப்ட் மேலே போனால் சரி. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு நாகரிகமான வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. அது பொறாமைதான். சம்பளம், பாராட்டு, பதவி எதன் மேலும் இல்லை. என் மகள் 'எங்க' என்று சொல்கிறபோது அதில் நான் இல்லையே என்கிற பொறாமை.

இந்த நேரத்தில் தலைமை ஆசிரியை ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், பெற்றோரும் வருவார்கள், 'ஆ' பிரிவின் விண்வெளி வகுப்பை எல்லோரும் பார்க்கப் போகிறோம். மற்ற ஆசிரியர்களும் பின்வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம். கற்றுக்கொள்ள என்ற சொல்லைப் படித்தபோது என் காதில் புகை வந்திருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் ஒரு பெரிய அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நாளைக்கு வகுப்பில் மாட்டப்போகிற பயணத் திட்டம், ஓரத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும் என்றாள். தீட்டி முடித்ததும் அதை என் முன்னால் விரித்து, பார்க்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

பார்த்தேன். நாலு பயணிகள், ஆளுக்கு மூன்று வேளை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பொட்டலம். கையிருப்பு ஐந்நூறு. ஐந்நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் நாற்பத்திரண்டு நாள். சரக்குக் கப்பல் நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் வந்து சேர வேண்டும்.

நாற்பத்திரண்டா. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். நாற்பத்தொன்று, மீதி எட்டு. அந்த எட்டைப் பாதிக்கு மேல் இருக்கிறதென்று ஒரு முழு நாளாக உருட்டிவிட்டிருக்கிறார்கள். தோராயமாகத் தூரம் சொல்வதற்குத்தான் அப்படி உருட்டலாம். சாப்பாட்டை உருட்டினால் நாற்பத்திரண்டாம் நாள் ராத்திரி நாலு பேரும் பட்டினி. மீதியைத் தின்றுவிட்ட கணக்கு. அதுவும் அவளுடைய வகுப்பில்.

எழுத்து மகளுடையது. ஆனால் டீச்சர் போட்டுக் கொடுத்ததைத்தான் பிள்ளை பார்த்து எழுதியிருக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்படி நினைக்க ஆசையாக இருந்தது. நாளைக்கு நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, அதிகாரியே கேட்பார், அத்தனை பேர் முன்னால் ராக்கெட் டீச்சரின் மூக்கு உடையும். அந்தக் காட்சியை இரண்டு மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசாத்தான். ஓரம் ரொம்ப அழகா வந்திருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு ஓடினாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை 'ஆ' பிரிவில் நிற்க இடமில்லை. இருக்கிறதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி முன்னால், சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கெடுபிடி இல்லாத மனுஷர், வாசலில் பிள்ளைகளோடு சேர்ந்து செருப்பை அடுக்கிவைத்துவிட்டு வந்திருந்தார்.

ராக்கெட் டீச்சர் எழுந்து, இன்றைக்குத் தான் பேசப்போவதில்லை என்றாள். இந்தப் பயணத்தின் திட்டத்தைத் தனியாகப் போட்டவர் சரக்குத் தலைவி, அவரே விளக்குவார் என்றாள். சட்டையில் வெள்ளித்தாள் நட்சத்திரம் குத்திக்கொண்டு என் மகள் முன்னால் வந்து நின்றாள். என்னைத் திகைக்கவைக்க வேண்டும் என்றே வீட்டில் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள்.

கணீரென்று பேசினாள். போன வருஷம் பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டாலே அழுத பிள்ளை, நாலை மூன்றால் பெருக்கி, ஐந்நூறைப் பன்னிரண்டால் வகுத்து, கப்பல் வரும் நாளைச் சொல்லி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற பிள்ளைகள் தீப்பெட்டிகளைத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கினார்கள், ஒரு நாளைக்கு ஒரு வரிசை. வரிசைகள் வளர்ந்துகொண்டே போயின. நிறுத்துங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை.

அதிகாரி எழுந்து வந்து வரிசைகளின் ஓரமாக நடந்தார். கடைசி வரிசையில் நின்றார்.

"இந்த ஒரு வரிசை மட்டும் ஏன் குட்டையா இருக்கு?"

என் மகள் குனிந்து உதட்டுக்குள் எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். ராக்கெட் டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. நான் நேற்று ஓட்டிப் பார்த்த அதே முகம். அதை ரசிக்க எனக்கு நேரமில்லை, என் கண் முழுக்க மகள்மேல் இருந்தது. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே நிமிர்ந்தாள்.

"சரியாத்தான் இருக்கும் சார். எங்கம்மா பாத்துட்டாங்க. தப்பா இருந்தா விட்டிருக்க மாட்டாங்க."

அட்டையின் கீழ்மூலையைத் தொட்டுக் காட்டினாள். வண்ண ஓரத்துக்கு உள்ளே, நேற்று நான் பார்த்தபோது இல்லாத ஒரு வரி இருந்தது. சரிபார்த்தவர்: அம்மா.

அது அந்த வகுப்பின் விதி என்று டீச்சர் அதிகாரியிடம் மெல்லச் சொன்னாள். சரக்குத் திட்டத்தை விண்கலத்தில் இருக்கிறவர்களே சரிபார்க்கக் கூடாது, டீச்சரும் பார்க்கக் கூடாது. வெளியே தரையில் இருக்கிற, நம்பிக்கையான ஒருத்தர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கப்பலைக் கிளப்புவார்கள். யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். என் மகள் யோசிக்கவே இல்லையாம், ஒரு மீதியைக்கூட விடாத ஆள் எங்கம்மா என்றாளாம்.

எல்லாத் தலையும் பின்வரிசைக்குத் திரும்பியது. மகள் முகத்தில் துளி பயமில்லை. அந்த எட்டு எப்படிச் சரியாகிறது என்று நான் எழுந்து சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வேலை அசதி என்று அவர்களே சமாதானமும் சொல்வார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை நம்பி அவள் தலையாட்டுவாள் என்பதுதான் என்னைச் சுட்டது.

எழுந்து நின்றேன். "தப்பு. நாப்பத்தொண்ணு, மீதி எட்டு. எனக்கு நேத்தே தெரியும்."

"அப்ப ஏம்மா சொல்லல?" என்றாள்.

அதட்டவில்லை, அழவில்லை. புரியாத கணக்கைக் கேட்கிற குரலில் கேட்டாள். தப்பு டீச்சருடையது என்று நினைத்தேன், அது வெளியே வரட்டும் என்று விட்டுவிட்டேன் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த எண் என்று போன வாரம் சொல்லிக்கொடுத்தது தான்தான், அதை எங்கே செய்யக் கூடாது என்று சொல்லாமல் விட்டதும் தான்தான் என்று ராக்கெட் டீச்சர் குறுக்கே வந்து பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அதற்கும் எனக்கு எரிந்தது. இந்த நேரத்திலும் எரிகிறதே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

என் மகள் இதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கடைசி வரிசையின் எட்டுப் பெட்டியையும் நாலு பேருக்கு ரெண்டு ரெண்டாகப் பிரித்து வைத்தாள். நாற்பத்திரண்டாம் நாள் காலையும் மதியமும் சாப்பிடலாம், சாயங்காலத்துக்குள் கப்பல் வந்துவிட வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னாள். அட்டையில் நாளைத் திருத்தினாள். பிறகு கீழ்மூலைக்குப் போய், கடைசி வரியை ஒரே கோடாக அடித்தாள். மறுபடி கைதட்டினார்கள். அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் நாலு நாள் 'எங்க டீச்சர்' என்ற பேச்சே இல்லை. நான் இவ்வளவு நாள் ஆசைப்பட்டது அதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் தண்ணீர்க் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆறு பேர், எழுநூறு லிட்டர், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். முப்பத்தெட்டு நாள், மீதி பதினாறு. எழுபத்தைந்து தடவை கெஞ்சினாலும் போன வருஷம் மீதியை எழுத மாட்டாள், இப்போது அதைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தாள். முன்னெல்லாம் நோட்டைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். இன்றைக்கு ஓடவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நோட்டில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

"சரியா இருக்கு" என்றேன்.

"நிஜமாவா?"

பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நான் பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து அவளுக்குத் தெரிகிற மாதிரி மறுபடி போட ஆரம்பித்தேன். கடைசி வரிக்கு வரும்வரை அவள் நகரவில்லை.