மீட்டரில் இருந்த ஓம்

நான் பிரித்துப் போட்ட ரேடியோ எட்டு நாளாகக் கூடத்தில் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. "வெள்ளிக்கெழமைக்குள்ள பாடலைன்னா பழைய இரும்புக்காரனுக்குத்தான்" என்று ஆத்தா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். என் கிராமபோன் அப்படித்தான் போனது. ஆவுடையார்கோவில் தபாலாபீசில் நான் குமாஸ்தா, வயது இருபத்தொன்பது. வீட்டுக்குள் வந்தால் மட்டும் இன்னும் கால்சட்டைப் பையன்.

தபாலில் வந்த ரேடியோ பாடத்தில் மூன்றாவது பாடத்தைத்தான் முடித்திருந்தேன். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. பணப்பெட்டிச் சாவி ஆத்தாவின் இடுப்பில் இருந்ததால் புதுக்கோட்டைக்கு ஆத்தாவும் கூடவே பஸ் ஏறினாள்.

ரேடியோக் கடை கண்ணுசாமி இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, பளபளவென்று இருந்தது. இன்னொன்று சின்னது, மூலையில் கீறல் விழுந்தது. கத்தரிக்காய் வாங்குகிற பழக்கத்தில் ஆத்தா பெரியதைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது வோல்ட்டு மட்டுந்தாம்மா காட்டும். புதுசாக் கத்துக்கிறவங்களுக்குச் சின்னதுதாங்க சரி. இதுல ஓமும் பாக்கலாம்" என்றார் கண்ணுசாமி.

"ஓமா?" ஆத்தா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"ஆமாங்க. ஓமுன்னா கரண்டுக்கு இருக்கிற தடை..." என்று அவர் ஆரம்பிக்க, நான் அவர் காலை மிதித்தேன். மனிதர் கெட்டிக்காரர். "தடை எங்கிட்டு இருக்குன்னு காட்டிக் குடுக்கும்மா" என்று முடித்தார். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் முட்டவைத்தார். ஊசி இடமிருந்து வலமாக ஓடியது.

"வலமாப் போகுதே!" என்று ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊர்க் கோவிலில் சாமிக்கே உருவம் கிடையாது, வெறும் பீடத்தைத்தான் கும்பிடுகிறோம். ஊசியில் ஓம் இருப்பதை நம்பவைப்பதா கஷ்டம்? என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்ன மீட்டரே வீட்டுக்கு வந்தது.

வந்த பிறகுதான் வினை. கண்ணாடியில் குங்குமம் வைத்து, மீட்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள் ஆத்தா. நான் கையை நீட்டினால், "கருவாடு தின்ன கை, தொடாத" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் இரும்புக்காரன் தராசோடு வாசலில் வந்து நின்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆத்தா, ரேடியோவுக்குள்ள ஓம் இருக்கான்னு பாக்கணும் ஆத்தா."

"நீ எடத்தைச் சொல்லு. நான் பாக்குறேன்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான் ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். குளித்த தலையோடு உட்கார்ந்து ஆத்தா ஒயர்களை வைத்தாள். ஊசி அசைந்த இடத்திலெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டிரான்ஸ்பார்மருக்கு வந்தபோது ஊசி படுத்த படுக்கையாகக் கிடந்தது.

"இங்கிட்டு ஓம் இல்ல."

குனிந்து பார்த்தேன். மயிரிழைக் கம்பி ஒன்று அறுந்திருந்தது. பிரிக்கும்போது நானே அறுத்ததுதான். பற்றவைத்துப் பிளக்கைச் சொருகினேன். வால்வு சூடாகிற வரை மூன்று பேரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திருச்சி நிலையம் நாகசுரத்தோடு வந்தது. இரும்புக்காரன் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

சந்தோஷத்தில் எனக்கு உண்மை வாயில் வந்துவிட்டது. "ஆத்தா, அந்த ஓம் வேற, இந்த ஓம் வேற."

"தெரியும். கடையில அந்த மனுசன் காலை மிதிச்சியே, அப்பவே தெரியும்."

"பெறகு எதுக்கு இந்தக் குங்குமமெல்லாம்?"

"சாமி சாமானுன்னாத்தான் நீ அதைப் பிரிச்சுப் பாக்க மாட்ட."

மீட்டரின் முதுகில் நான்கு திருகாணிகள் இருப்பதை நான் பஸ்ஸிலேயே எண்ணி வைத்திருந்தேன். இடுப்பில் சொருகியிருந்த திருப்புளியை மெல்ல வேட்டி மடிப்புக்குள் தள்ளினேன்.