மெம்பிஸில் அண்ணாந்து குடித்த தண்ணீர்

அமெரிக்கா போய்விட்டு எங்கள் ஊர் இடைசெவலுக்குத் திரும்பியதிலிருந்து ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள். கட்டடம் எத்தனை மாடி, பொம்பளைகள் கார் ஓட்டுவார்களா, நம்ம பருத்தி உசத்தியா அவன் பருத்தி உசத்தியா. எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னேன். மெம்பிஸில் கழித்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பாதிதான் சொன்னேன்.

1959ஆம் வருஷம் பருத்திப் பயிற்சிக்கென்று சர்க்கார் என்னை ஆறு மாதம் அனுப்பியிருந்தது. லீவு நாளில் ஊர் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். மிசிசிப்பி ஆற்றில் அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. வானத்தையே பார்த்துக் கிடக்கிற கரிசல்காட்டுக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? பருத்தி மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கித் தெரு பூட்டிக் கிடந்தது; வெளியே நின்று பஞ்சு வாடையை மோந்துகொண்டேன். பூங்காவில் இரண்டு குடிதண்ணீர்க் குழாய்கள். ஒன்றில் வெள்ளையருக்கு என்றும் மற்றதில் கறுப்பருக்கு என்றும் எழுதியிருந்தது. நான் எதில் சேர்த்தி என்று தெரியாமல் தாகத்தோடே நடந்தேன்.

மத்தியானம் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவன் உட்கார விடவில்லை. பின்பக்கம் ஜன்னல் இருக்கிறது, அங்கே போய் வாங்கிக்கொள் என்றான். நான் கறுப்பன் இல்லை, இந்திய சர்க்கார் அனுப்பிய ஆள் என்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவன் பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை, அதை நீட்டிய கையைப் பார்த்தான். நாலு ஏர் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை புறவாசலில் நின்று சாப்பாடு வாங்குவதா? அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு நினைத்தால், 'நான் கறுப்பன் இல்லை' என்று சொன்ன என் வாயைத்தான் முதலில் கழுவ வேண்டும்.

வெயிலில் தலை சுற்றி, ஒரு வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்ச்சுக்குப் போய்வந்த உடுப்போடு ஒரு கறுப்பினத்து அம்மாள் வெளியே வந்தாள். யார் எவர் என்று கேட்காமலே உள்ளே கூப்பிட்டு, மேஜைமுன் உட்காரவைத்து, மக்காச்சோள ரொட்டியும் அவித்த பயறும் வைத்தாள். அலமாரியிலிருந்து பூப்போட்ட கண்ணாடித் தம்ளரை எடுத்துத் துடைத்துத் தண்ணீர் தந்தாள். நான் அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக் குடித்தேன். உதடு படாமல் குடித்தே பழகிய வாய்.

அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. அவள் இங்கிலீஷில் சொன்னதை நம்ம பேச்சில் சொல்கிறேன்.

"எங்க தம்ளர்ல வாய் வைக்கக் கூடாதாக்கும்? வெள்ளைக்காரங்க வீட்ல நான்தான் சமைக்கேன். ஆனா நான் குடிக்கிற தம்ளரத் தனியாத்தான் வச்சிருக்காவ."

பதறிப்போனேன். "ஐயோ அம்மா, எங்க ஊர்ல வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் குடிப்போம். எச்சி படக் கூடாது, அவ்வளவுதான்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"எல்லாருக்கும் ஒரே தம்ளரா?"

பிச்சையா ஞாபகம் வந்தது. மூன்று தலைமுறையாக எங்கள் காட்டில் உழைக்கிற குடும்பம். எங்கள் வீட்டுத் தம்ளரை அவன் கை தொட்டதே இல்லை.

"ஆமா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். தப்பாக நினைத்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதே தம்ளரில் தானும் அண்ணாந்து குடித்துப் பார்த்தாள். நல்ல கவுனெல்லாம் நனைந்தது. சிரித்துக்கொண்டே, "அப்படி ஒரு ஊரைச் சாகுறதுக்குள்ள பாத்திரணும்" என்றாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டதற்கு முன்னால் ஓட்டல்காரன் பண்ணியது எனக்கு ஒன்றுமே இல்லை.

போன வாரம் பிச்சையா உழவு முடித்துவிட்டு வந்து புறவாசலில் நின்றான். அமெரிக்காக் கதை கேட்டான். ஓட்டலில் நடந்ததை மட்டும் சொன்னேன். என் மனைவி பெத்தம்மாள் செம்போடு வந்தாள். அவன் குனிந்து கையேந்தினான். அவள் எட்ட நின்று ஊற்றினாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"மொதலாளியவா பொறவாசலுக்குப் போகச் சொன்னான்? அவன் வெளங்குவானா? நம்ம ஊர்ல எவனாவது ஒரு மனுசன இப்படிச் செய்வானா?"

கேலி பண்ணுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. எனக்காக அவன் கண் கலங்கியிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று மறுபடி குனிந்தான். கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள் அடுக்களையில் எனக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. நான் எடுக்கவில்லை.