கடைசித் தாளும் தம்பியும்

சீனப் பெருநாளுக்கு ஈப்போவில் தினேஸ்வரி வேலை பார்த்த ஆடிட் ஆபிஸை ஒரு வாரத்துக்கு மேல் மூடிவிட்டார்கள். அவள் வருஷம் முழுக்க அந்த லீவைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தாள். அக்கவுண்டன்ட் பரீட்சையில் அவளுக்கு ஒரே ஒரு தாள் பாக்கி. அதே தாளில் இரண்டு தடவை கவிழ்ந்திருந்தாள். லீவு முடிந்த கொஞ்ச நாளில் மூன்றாவது தடவை.

ஆனால் லீவு வந்ததும் உடம்பு சோம்பிப் படுத்துக்கொண்டது. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி. சித்தி வீட்டு ஆட்கள் தாப்பா அருவியில் குளிக்கும் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போனைக் கொண்டுபோய் அரிசித் தகரத்துக்குள் புதைத்தாள். ஒரு பக்கம் படிப்பதற்குள் தோண்டி எடுத்தாள். அம்மா மங்களம் மகள் படிக்கிறாளே என்று பூனை மாதிரி நடந்ததுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவர்கள் வீடு சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய மலிவு விலை வரிசையில் இருந்தது. தம்பி பவித்ரன் டயர் கடையில் வேலை செய்தான். அவனுக்கும் லீவு. முந்தின நாள் பந்து விளையாடப் போன இடத்தில் வாய்ச்சண்டை முற்றி, ஒருத்தன் முகத்தில் ஹெல்மெட்டால் அடித்துப் பல்லைப் பெயர்த்துவிட்டு வந்திருந்தான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் முன் வரிசைச் சீனர் வீடுகளில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. வாசலில் கேட்ட சத்தமும் பட்டாசு என்றுதான் தினேஸ்வரி முதலில் நினைத்தாள். அடுத்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து அவள் புத்தகத்தின் மேல் கொட்டியது.

வாசலில் நாலு பேர். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஒருத்தன் கையில் இரும்புக் குழாய், மற்றவர்களிடம் பாராங் கத்தி.

"டேய் பவி! வெளிய வாடா!"

துணி காயப்போட்டுவிட்டு வந்த அம்மா இரும்புக் கிரில் கதவைப் பாதி திறந்தே விட்டிருந்தாள். தினேஸ்வரி ஓடிப்போய் அதை இழுத்தாள். முக்கால்வாசி மூடியபோது வெளியிலிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டது. அந்த இடுக்கு வழியாகப் பாராங் இறங்கியது.

வலி உடனே வரவில்லை. வலது புறங்கை வாய் பிளந்த மாதிரி திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. பிறகுதான் ரத்தம் பொங்கியது.

பவித்ரன் பின்கட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தான். கிரில்லைத் தள்ளித் திறந்து, வெட்டியவனின் முழங்கையில் ஒரே போடு. எலும்பு முறிகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இரும்புக் குழாய் பவித்ரன் தோளில் விழுந்தது. அவன் சாயவில்லை. மறுபடி ஓங்கினான். அக்கம்பக்கத்தார் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கூச்சலோடு ஓடி வரவும், மற்ற மூன்று பேரும் முறிந்த கைக்காரனை மோட்டார் சைக்கிளில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். அம்மா தன் கைலித் துணியால் மகள் கையைச் சுற்றினாள். சுற்றச் சுற்றத் துணி சிவந்தது.

"ரெண்டு விரல் நரம்பு துண்டாயிருச்சு, தச்சிருக்கோம்" என்றார் ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர். "ஒன்றரை மாசத்துக்கு இந்தக் கையால பேனாகூட தூக்கக் கூடாது."

போலிஸ்காரர் வந்து கேட்டபோது பவித்ரன், "முகம் தெரியல சார், ஹெல்மெட் போட்டிருந்தானுங்க" என்றான். பொய். அவன் தாடை இறுகியிருந்த விதத்திலேயே தினேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பரீட்ச கெடக்கு, அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்றாள். அதைக் கேட்டதும் தினேஸ்வரிக்கு நெஞ்சு லேசானது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனி யாரும் கேட்க முடியாது. தோற்றதாகவும் ஆகாது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் தூங்கினாள்.

சரக் சரக் என்ற சத்தம் அவளை எழுப்பியது. பின்கட்டில் பவித்ரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாராங் தீட்டிக்கொண்டிருந்தான். காதில் போன். "வாரேன் மச்சான். நீ ஆள் சேத்து வை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பேசியது விக்னேஸ்வரன், ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவன் கூட்டாளி.

போகாதே என்றால் போவான். அழுதால் இன்னும் வேகமாகப் போவான். தினேஸ்வரி யோசிக்காமல் சொன்னாள்.

"தம்பி, நான் பரீட்ச எழுதப்போறேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். "எந்தக் கையால?"

"இடது கையால. கம்ப்யூட்டர்ல தட்டுறதுதானே. ஆனா இந்தத் தடிப் புத்தகத்தப் பிடிச்சுப் புரட்ட முடியாது. நீதான் வாசிச்சுக் காட்டணும். கேள்வி கேக்கணும். ஒன்னாலதான் எனக்கு இது."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவள் நினைக்கவில்லை. அது தானாக வந்து விழுந்தது. பவித்ரன் பாராங்கைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து வந்தான்.

அன்றிலிருந்து அவன் வாசித்தான். இங்கிலீஷ் அவனுக்கு முள்ளாகக் குத்தியது. எழுத்தெழுத்தாகக் கூட்டுவான், நடுவில் கெட்ட வார்த்தை சொல்வான். "இது என்னாக்கா, ஆடிட்டரே கம்பெனிக்காரன் சொந்தக்காரனா இருந்தா என்னா பண்ணுவீங்க?" அவள் விளக்குவாள். போன் அடிக்கும். அவன் எழப் பார்ப்பான். "இன்னொரு கேள்வி" என்பாள். படிப்பில் ஆசை வந்து அல்ல, பயத்தில் கேட்டாள். கேள்வி தீர்ந்தால் இவன் போய்விடுவான். இடது கை கீபோர்டில் தடுமாறியது. வலது கை மருந்து வேகம் குறையும்போதெல்லாம் தீயில் வைத்த மாதிரி துடித்தது. ஆனால் வருஷக்கணக்கில் மண்டையில் ஏறாத பாடம் இப்போது ஏறியது.

லீவு முடியப்போகிற ஒரு சாயங்காலம் வாசலில் இரண்டு மோட்டார் வந்து நின்றது. விக்னேஸ்வரன் இறங்கவில்லை.

"மச்சான், அவனுங்க சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கானுங்க. இப்ப விட்டா கெடைக்காதுலா. அக்கா கைய வெட்டினவனுங்கடா!"

பவித்ரன் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினான். பாராங்கோடு திரும்பியபோது தினேஸ்வரி கிரில்லைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நின்றாள்.

"சாவியக் குடு."

"முடியாது."

அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் உள்ளே இறங்கியது. அவன் அலறிக்கொண்டு ஓங்கி ஓர் அறை விட்டான். அவள் சுவரில் மோதித் தரையில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் வலது கையை ஊன்றினாள். தையல் தெறித்தது. வெள்ளைக் கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைந்தது.

அம்மா கத்தினாள். தினேஸ்வரி எழுந்தாள். தரையில் கிடந்த தடிப் புத்தகத்தை இடது கையால் எடுத்துத் தம்பியின் முகத்தில் அடித்தாள். மூக்கில் ஒன்று. காதில் ஒன்று. அவன் தடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தாள்.

"போ! போய் வெட்டு! நாளைக்கி அவனுங்க வந்து அம்மாவ வெட்டட்டும்! போடா!"

சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்து அவன் காலடியில் வீசினாள்.

பவித்ரன் மூக்கிலிருந்து ரத்தம் வாயில் இறங்கியது. அவன் சாவியைப் பார்த்தான். அக்காவின் கையைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா முந்தானையப் புடிச்சிக்கிட்டே கெட" என்று காறித் துப்பிவிட்டு விக்னேஸ்வரன் மோட்டாரை முறுக்கினான்.

அவள் கையை மறுபடி தைத்துக்கொண்டிருந்தபோது அதே ஆஸ்பத்திரிக்கு விக்னேஸ்வரனைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் வெட்டு. கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பவித்ரன் இறுதிச் சடங்குக்குப் போய் வந்து சுவரில் தலையை முட்டி முட்டி அழுதான். "நான் பக்கத்துல இருந்திருந்தா அவன் செத்திருக்க மாட்டான். நீதான் கொன்ன." போயிருந்தால் இவனும் சேர்ந்து செத்திருப்பான் என்றுதான் தினேஸ்வரிக்குப் பட்டது. ஆனால் அது நிச்சயமில்லையே. மறுநாள் அவன் அம்மாவோடு போலிஸ் பாலாய்க்குப் போய், ரிப்போட்டில் நாலு பேர் பெயரையும் சொன்னான். பல்லைப் பெயர்த்ததையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை விட்டான். வாசித்துக் காட்ட மட்டும் வந்து உட்கார்ந்தான்.

கடைசி நேரத்தில் கேட்டதால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கவில்லை. பவித்ரன்தான் மோட்டாரில் கொண்டுபோய் விட்டான். உள்ளே அவள் ஒரு கையால் தட்டினாள். கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டாள். வெளியே வந்தபோது அவன் வெயிலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

முடிவு வந்தபோது அவன் ஜொகூரில் மாமா வீட்டில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றை மதிப்பெண் வித்தியாசத்தில் பாஸ். அவள் போன் செய்து சொன்னாள்.

"அப்ப இனிமே பரீட்ச இல்லயா?"

"இல்லடா. அதான் கடைசி."

"இனிமே என்ன எதச் சொல்லிப் புடிச்சி வைப்ப?"

அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"ஒன்னயப் புடிச்சி வைக்கிற தெம்பு எனக்கு இல்லடா. நீயா இரு."

"ம்" என்றான். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளைப் பற்றி அவன் கேட்கும் முதல் கேள்வி. சாப்பிடவில்லை என்றாள். போய்ச் சாப்பிடு, கையால சாப்பிட முடியுதா, கரண்டி வச்சிக்க என்று அதட்டினான். இரண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.