ஃபாதர் ஒபியின் பூட்டாத கார்

ஃபாதர் ஒபிக்குத் தன் பிரசங்கத்தின் மேல் கொஞ்சம் அதிகமாகவே பிரியம். நைஜீரியாவில் அவர் வாயைத் திறந்தால் கோயில் குலுங்கும். காணிக்கை நேரத்தில் கிழங்கும் ஆடுமாகத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஆடி வருவார்கள். அதே வாய்தான் அமெரிக்காவின் அயோவாவுக்கும் வந்தது. ஆனால் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த இந்தச் சின்னப் பங்குக் கோயிலில், ஜனங்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. வாசலில் கைகுலுக்கும்போது எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "நல்லாருந்துச்சு, ஃபாதர்." வெயிலைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்.

இன்னும் சில வருஷம் இருக்கிறீர்களா, ஊருக்குத் திரும்புகிறீர்களா என்று மறைமாவட்டத் தலைவரான ஆயர் கேட்டிருந்தார். பதிலை வாங்க ஆகஸ்ட் கடைசியில் அவரே சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஒபி மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டார். தன் பேச்சு இவர்களுக்கு ஒரு வார்த்தைகூட ஏறவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு ஈகையைப் பற்றிப் பேசினார். பூசை முடிந்து போனால் காரின் முன்சீட்டில் சுக்கினிக்காய்கள், சுரைக்காய்க்கும் வெள்ளரிக்காய்க்கும் பிறந்தவை போல, முழங்கை நீளத்தில். அடுத்த ஞாயிறு பின்சீட்டு நிறைய. தபாலாபீஸ் வாசலில் நிறுத்தினாலும் காய். வைத்தது யாரென்று தெரியவில்லை.

ஒபிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட ஜனம், கூச்சப்பட்டு மறைந்து நின்று கொடுக்கிறதே என்று உருகினார். கல்லுக்குள் ஈரம் இறக்கிவிட்டதாக ஊரிலிருந்த அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். காலையில் சுக்கினி போட்ட முட்டை, மதியம் சுக்கினி போட்ட மிளகுச் சாறு, இரவில் வெறும் சுக்கினி. தூக்கிப் போட மனம் வரவில்லை. காணிக்கையல்லவா. கட்டிய பெட்டியை மனதுக்குள் அவிழ்த்தார்.

ஆயர் வருவதற்கு முந்தின ஞாயிறு, பீடத்தில் நின்று நன்றி சொன்னார்.

"என் காரில் நீங்கள் ரகசியமாக வைத்த ஒவ்வொரு காயையும்..." என்று தொடங்கியதுமே முன்வரிசையில் லியோ க்ளாஸ்னர் என்ற பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஒபி குரலை இன்னும் உருக்கினார். கோயிலே வெடித்துச் சிரித்தது.

பூசை முடிந்ததும் ஆர்கன் வாசிக்கும் டோலரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஃபாதர். ஆகஸ்ட்ல இந்த ஊர்ல வீட்டைக்கூடத் திறந்து போட்டுட்டுப் போவோம், காரைப் பூட்டாம விடமாட்டோம். காய் அப்படிக் காய்ச்சுத் தள்ளுது. பன்னிகூட மூஞ்சியத் திருப்பிக்குது. லியோவுக்கு உங்க கார்தான் வாகா மாட்டுச்சு."

"லியோ மட்டுந்தானா?"

"தபாலாபீஸ்ல வச்சது நான்."

ஊருக்கே குப்பைத்தொட்டியாக இருந்திருக்கிறோம், அதற்கு உருகி உருகி நன்றி வேறு சொல்லியிருக்கிறோம் என்று ஒபிக்குக் காது சுட்டது. அவிழ்த்த பெட்டியை மறுபடி கட்டத் தொடங்கினார்.

"அப்ப என் பிரசங்கம்?"

"மொத வருசம் ஒண்ணும் புரியல. இப்ப நல்லாப் புரியுது. கொஞ்சம் நீளம்." டோலரஸ் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். "முன்னாடி இருந்த ஃபாதரும் காரைப் பூட்டமாட்டாரு. எத்தனையோ வருசம் இருந்தாரு. ஒருத்தரும் ஒரு காய் வச்சதில்ல. அவர்கிட்ட வெளையாட யாருக்குத் தைரியம்?"

அன்று மதியம் சுக்கினியை நறுக்கும்போது ஒபி தனியாகச் சிரித்துக்கொண்டார். வெட்கம் போகவில்லை. ஆனால் அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

ஆயர் வந்தார், சாப்பிட்டார். அவர் பேச்சை எடுப்பதற்குள் காபி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஒபி பின்பக்கமாக நழுவினார். மிச்சமிருந்த காய்களை வாரி அணைத்துக்கொண்டு ஆயரின் காருக்குப் போனார். கதவு அசையவில்லை. அடுத்த கதவை இழுத்துப் பார்த்தார்.

"ரொம்ப இழுக்காதீங்க ஃபாதர், பிடி கையோட வந்துரும்." ஆயர் படியில் நின்றிருந்தார். "எங்கப்பா பக்கத்து ஊர்ல பன்னி வளத்தவரு. ஆகஸ்ட்ல நான் காரைப் பூட்டாம வருவேனா?"

ஒபி அசடு வழிய நின்றார். ஒரு காய் நழுவி உருண்டு ஆயரின் காலடிக்குப் போனது. ஆயர் குனிந்து எடுத்து, அதை ஒபியின் கைக்குவியல் மேலேயே பத்திரமாகத் திருப்பி வைத்தார்.

"அப்ப நான் எதுவும் கேக்க வேண்டியதில்ல," என்றார். "நீங்க எங்கயும் போகல."